வாசகர் கேள்வி: வீட்டு சர்வருக்கு 2026-இல் என்ன செலவு செய்யலாம்?

மார்கழி பிறந்துவிட்டால் போதும், ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டுக் கடிதங்கள் வரும். அடுத்த வருடம் சர்வரை மாற்றலாமா, ரவுட்டரை மாற்றலாமா, எவ்வளவு ஆகும்? இந்த முறை வந்த குவியலைப் பார்த்துவிட்டு, பக்கம் முழுவதையும் அதற்கே விட்டுவிட்டேன். பிரிண்டர் தகராறுகளைத் தை மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு சர்வர் என்பது ராத்திரி பகலாக ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர். வீட்டுப் படங்கள், பத்திரங்களின் நகல், சினிமா, கேமரா பதிவு எல்லாம் அதில் கிடக்கும். வீட்டிலுள்ள போனும் டிவியும் வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு அளவில்லாத இலவசத்தை நிறுத்தி, 15 ஜிபிக்கு மேல் காசு என்று சொன்னதிலிருந்து இந்த ஆசை நம் ஊர்களிலும் வேர் பிடித்துவிட்டது.

நான் திருச்சி தில்லைநகரில் 22 வருடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தியவன். செயலி (பிராசசர்) வேகம் போதாமல் செத்துப்போன பெட்டி ஒன்றுகூட என் கடைக்கு வந்ததில்லை. மின்சாரத்தால் செத்தது, மழையால் செத்தது, தூசி அடைத்துச் செத்தது, எறும்பு குடியேறிச் செத்தது, இவைதான் வந்தன. என் பதில்கள் எல்லாம் ஏன் ஒரே பக்கம் சாய்கின்றன என்று கேட்டால் காரணம் இதுதான்.

சென்னை மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர்: 2014-இல் வாங்கிய நான்காம் தலைமுறை ஐ7 டவர், கிராபிக்ஸ் கார்டோடு, சர்வராக ஓடுகிறது. நான்கு பேரின் படங்கள், இரண்டு டிவிக்குப் படம் அனுப்பும் ஜெல்லிஃபின் நிரல், அப்பாவின் மருத்துவ ரிப்போர்ட்டுகள் அதில் இருக்கின்றன. 2026-க்கு ஒரு லட்ச ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ரைசன் செயலி, 64 ஜிபி டிடிஆர்5 ராம், 10 ஜிகாபிட் சுவிட்ச் (வீட்டு நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி) என்று பட்டியல் போட்டிருக்கிறேன். சரியா சார்?

பதில்: பட்டியல் அழகாக இருக்கிறது, மடித்து உள்ளே வையுங்கள். வருகிற வருடம் ராம் வாங்குகிற வருடமாக எனக்குத் தெரியவில்லை. உலகத்து ராம் சில்லுகளில் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். மூன்றும் ஏஐ சர்வர்களுக்கான மெமரியின் பக்கம் திரும்பிவிட்டன. கடைகளில் விற்கிற தன்னுடைய குரூஷியல் பிராண்டையே 2026 பிப்ரவரியோடு நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பர் 3-ஆம் தேதி அறிவித்தது. செப்டம்பரில் பார்த்த டிடிஆர்5 விலை டிசம்பரில் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இந்த நேரத்தில் 64 ஜிபி வாங்குவது, ஐப்பசி முகூர்த்தத்தில் மல்லிகைப்பூ வாங்குகிற மாதிரி. நீங்கள் சொன்ன வேலைக்கு 16 ஜிபி தாராளம்.

அப்புறம் உங்கள் டவர். கிராபிக்ஸ் கார்டோடு அது சும்மா நிற்கும்போதே 70 வாட் போல இழுக்கும். 70 வாட், 24 மணி நேரம், 60 நாள் என்றால் நூறு யூனிட். நம் மின்வாரியக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பது தெரியும். பலர் கவனிக்காத சங்கதி, 2025 கட்டணப்படி 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் கூடுதல் விலை என்பதோடு முடிவதில்லை, 101 முதல் 200 வரை கிடைத்த மலிவு விலையும் சேர்ந்தே போய்விடும். ஏசி ஓடுகிற வீட்டில் 450 யூனிட்டில் நிற்க வேண்டிய பில், இந்த டவரால் 550 ஆனால், வித்தியாசம் ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். வருடத்தில் இரண்டு மூன்று பில் அப்படி வந்தாலே புது டிஸ்க்குக்குப் பாதிக் காசு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் கார்டை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். செலவில்லாத மேம்பாடு அது ஒன்றுதான்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், நான் ரிச்சி தெருவுக்குப் போய் ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய மினி பிசி பார்ப்பேன். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி, மூன்றும் ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. ஏழாம் தலைமுறை இன்டெல் செயலிகளில் அநேகமாக எல்லாவற்றையும் விண்டோஸ் 11 சேர்த்துக்கொள்வதில்லை. அதனால் ஆபீஸ்கள் அவற்றைக் கொத்துக் கொத்தாகத் தள்ளிவிடுகின்றன. நாம் போடப்போவது லினக்ஸ், அதற்கு அந்தக் கவலை இல்லை. ஏழாம் தலைமுறையில் இன்னொரு வசதியும் உண்டு: 10 பிட் ஹெச்இவிசி என்ற சுருக்கிய வகை வீடியோவைச் செயலியின் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பார்த்துக்கொள்ளும். உங்கள் நான்காம் தலைமுறையில் அது கிடையாது. டிவிக்குப் படம் மாற்றிக் கொடுக்கும்போது உங்கள் மின்விசிறி ஏன் கத்துகிறது என்று இப்போது புரிந்திருக்கும். இந்தச் சின்னப் பெட்டிகள் சும்மா இருக்கும்போது 10, 12 வாட்டில் நிற்கும். 12 வாட் என்றால் ஒரு பில்லுக்கு 17 யூனிட்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். பவர் அடாப்டர் அந்தக் கம்பெனியுடையதா, பயாஸில் (பெட்டி எழும்போதே வரும் அடிப்படை அமைப்புப் பக்கம்) பழைய ஆபீஸின் பாஸ்வேர்டு பூட்டு இருக்கிறதா, ராம் டிடிஆர்4-ஆக ஏற்கெனவே உள்ளே போட்டிருக்கிறதா. ராம் இல்லாத பெட்டியை மலிவு என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள், இந்த வருடம் அது மலிவே கிடையாது.

10 ஜிகாபிட் சுவிட்ச் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. சுழலும் டிஸ்க் நொடிக்கு 150 முதல் 200 எம்பி தரும், நல்ல டிஸ்க் அதற்குக் கொஞ்சம் மேலே. 2.5 ஜிகாபிட்டே, அதாவது நொடிக்கு 300 எம்பி போல, அதற்கு மேல்தான் நிற்கிறது.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் "ஹாலில் தரையில், டிவி ஸ்டாண்டுக்குக் கீழே" என்று ஒரு வரி இருந்தது. 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாம் புயலும் உங்கள் பக்கம் என்ன செய்தன என்று திருச்சிக்காரன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்டி எதுவானாலும் இடுப்பு உயரத்துக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.

கும்பகோணம் வாசகர், கல்யாண ஸ்டுடியோ: இரண்டு 8 டிபி டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் பகிரும் டிஸ்க் பெட்டி) வைத்திருக்கிறேன், ரெய்டு 1, அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவல். ஐந்து வருட வேலை, 6 டிபி அதில் இருக்கிறது. ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்பதால் தனி பேக்கப் கிடையாது. இடம் குறைகிறது. 2026-இல் நான்கு டிஸ்க் பெட்டிக்கு மாறலாமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

என் கடைக்கு உங்களைப் போலவே ஒரு ஸ்டுடியோக்காரர் வந்தார். அதே மாதிரி இரண்டு டிஸ்க், அதே ரெய்டு 1. பெட்டிக்கு மின்சாரம் தருகிற எஸ்எம்பிஎஸ் ஒரு மாலை கெட்டுப்போய், 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் அதற்கு மேல் அனுப்பிவிட்டது. இரண்டு டிஸ்க்கின் சர்க்யூட் பலகையும் ஒரே நொடியில் கருகிவிட்டன. அவர் கையில் அடுத்த வாரம் ஆல்பம் கொடுக்க வேண்டிய கல்யாணங்கள் மூன்று இருந்தன. டிஸ்க் மீட்கிற இடத்துக்கு அனுப்பி, ஒன்றரை மாதம் கழித்துப் பாதிக்கு மேல் கிடைத்தது. மீதியில் ஒரு தாலி கட்டும் நேரம் போய்விட்டது. அந்தப் பெண்ணின் அப்பா என் கடை வாசலிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். ஸ்டுடியோவைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை, "கொஞ்சம் பாருங்க தம்பி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரெய்டு என்பது கடை மூடாமல் வேலை நடப்பதற்காக. ஒரு டிஸ்க் போனால் எடிட்டிங் நிற்காது. கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். வைரஸ் வந்தால் இரண்டிலும் வரும். திருடன் பெட்டியோடுதான் தூக்கிக்கொண்டு போவான். அதனால் உங்கள் 2026 பணத்தில் முதல் செலவு ஒரு வெளி டிஸ்க், இரண்டாவது செலவு இன்னொரு வெளி டிஸ்க். நான்கு டிஸ்க் பெட்டி அதற்கப்புறம்.

ஒன்று ஸ்டுடியோவில், ஆனால் செருகியே வைக்காமல் வாரம் ஒரு முறை நகல் எடுத்துப் பீரோவில் பூட்டுவது. இன்னொன்று வேறு ஊரில். உங்களுக்குத் தஞ்சாவூரில் தங்கை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அங்கே. முதல் நகலை இணையம் வழியாக அனுப்ப முயலாதீர்கள். உங்கள் இணைப்பின் அப்லோடு 40 எம்பிபிஎஸ் என்றால், 6 டிபி போய்ச் சேர இடைவிடாமல் இரண்டு வாரம் ஆகும். கேபிளில் ஜிகாபிட் வேகத்தில் எடுத்தால் பதினைந்து பதினாறு மணி நேரம். சாயங்காலமே நகலை ஓடவிட்டு, மறுநாள் காலையில் முடிந்ததும் பஸ் ஏறினால் தஞ்சாவூர் டிஸ்க் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போய்விடும். அதற்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவற்றை மட்டும் ராத்திரியில் அனுப்பினால் போதும். ரெஸ்டிக், போர்க் என்ற இலவச நிரல்கள் அதைப் பூட்டுப் போட்டே அனுப்பும், தங்கை வீட்டுப் பிள்ளைகள் திறந்து பார்க்க முடியாது. பூட்டின் சாவியை மட்டும் காகிதத்தில் எழுதி வேறு இடத்தில் வையுங்கள்.

மாதம் ஒரு முறை, ஏதாவது ஒரு கல்யாணத்தை அந்த நகலிலிருந்து திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப்பை நம்பி வந்து என் கடையில் அழுதவர்களும் உண்டு.

டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர், சிஎம்ஆர் என்று இரண்டு வகை வரும். நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் பார்த்திருப்பீர்கள், ஒரு ஓட்டின் மேல் அடுத்த ஓடு ஏறி நிற்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் பக்கத்தில் உள்ளவற்றையும் கிளப்ப வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க் தகவலை அப்படித்தான் எழுதுகிறது. பீரோவில் பூட்டுகிற நகலுக்கு அது பரவாயில்லை. ரெய்டுக்குள் போட்டால், ஒரு டிஸ்க் போய் மாற்றும்போது நாள் கணக்கில் இழுத்தடிக்கும்; அங்கே சிஎம்ஆர்தான் வேண்டும். நாஸ் டிஸ்க் என்ற பெயரிலேயே விற்றவற்றில் சில இந்த வகை என்று 2020-இல் தெரியவந்து பெரிய சண்டை நடந்தது. இப்போது கம்பெனிகளே எந்த மாடல் எந்த வகை என்று பட்டியல் வெளியிட்டிருக்கின்றன. கடைக்காரரைக் கேட்காமல் மாடல் எண்ணை அந்தப் பட்டியலில் பாருங்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: மூன்று மாடி வீடு. 200 எம்பிபிஎஸ் இணைப்பு. தரைத்தளத்தில் முழு வேகம் வருகிறது. இரண்டாம் மாடிக்கு எலக்ட்ரீஷியன் கேபிள் இழுத்து ஆக்சஸ் பாயின்ட் (அங்கே வைஃபை தரும் பெட்டி) வைத்துக் கொடுத்தார், அங்கே எத்தனை முறை பார்த்தாலும் 90-ஐத் தாண்டவில்லை. வைஃபை 7 ரவுட்டர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. 90, 92, 94 என்று ஒரே இடத்தில் முட்டி நின்றால் அது வைஃபையின் குறை இல்லை. வைஃபை குறை ஏறும், இறங்கும், ஆளுக்கு ஆள் மாறும். இப்படி அசையாமல் நிற்பது கேபிள். கேபிளுக்குள் நான்கு ஜோடி கம்பி இருக்கிறது. ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டே போதும். எங்காவது ஒரு கம்பி சரியாகப் பிடிக்கவில்லை என்றால் இரு பக்கக் கருவியும் பேசி முடித்து, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணைய விளக்கு எரியும், எல்லாம் வேலை செய்கிற மாதிரியே இருக்கும். ஒரு லேப்டாப்பை மேல்மாடிக் கேபிளில் நேராகச் செருகி, விண்டோஸில் அந்த இணைப்பின் வேகத்தைப் பாருங்கள். 100/100 என்று காட்டினால் நான் சொன்னது சரி.

முதலில் இரண்டு முனையையும் வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடச் சொல்லுங்கள். இரு பக்கமும் ஒரே வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. அப்போதும் சரியாகவில்லை என்றால் வெட்டிய துண்டில் ஒரு கம்பியை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகப் பளபளத்தால், அது செம்பு பூசிய அலுமினியம். சிசிஏ என்பார்கள். பாதி விலைக்கு 'கேட் 6' (Cat 6, நெட்வொர்க் கேபிளில் ஒரு வகை) என்று தலையில் கட்டுவது இதைத்தான். அலுமினியம் கனெக்டருக்குள் மடங்கி மடங்கி ஒடியும். கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் அனுப்பினால் சூடாகும். குழாய்க்குள் இருக்கிற பழைய கேபிளின் வாலில் புதியதைக் கட்டி இழுத்தால் அரை நாள் வேலை, சுவரை உடைக்க வேண்டாம். சுத்தச் செம்பு கேட் 6 வாங்குங்கள். 305 மீட்டர் பெட்டியாக வாங்கத் தேவையில்லை, தெரிந்த கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். ஏசிக்குப் போகிற மின்கம்பி இருக்கும் குழாயிலேயே இதையும் திணிக்க விடாதீர்கள்.

வைஃபை 7-ஐப் பற்றியும் கேட்டதால் சொல்கிறேன். அதன் பலத்தில் பெரிய பங்கு 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிறது. நம் நாட்டில் அதன் கீழ்ப்பாதியை உரிமம் இல்லாமல் வீட்டுக்குள் பயன்படுத்துவதற்கான வரைவு விதிகள் 2025 மே மாதம்தான் வெளியாயின. இங்கே விற்கிற ரவுட்டர்களில் அதைத் திறந்து விட்ட பிறகு யோசிக்கலாம். அதுவும் காங்கிரீட் தளத்தைத் துளைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறப்போவதில்லை. மாடிக்கு ஒரு சாதாரண வைஃபை 6 ஆக்சஸ் பாயின்ட், ஒவ்வொன்றுக்கும் கேபிள், 2026-க்கு உங்களுக்கு அவ்வளவு போதும்.

திருநெல்வேலி மாணவர்: ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன் அண்ணா. எஸ்டி கார்டு வருடத்துக்கு ஒன்று போகிறது. பை 5 வாங்கலாமா?

பதில்: தம்பி, பை 5-லும் எஸ்டி கார்டில் ஓட்டினால் வருடத்துக்கு ஒன்று போகும். ஒரு சின்ன எஸ்எஸ்டியை யுஎஸ்பியில் மாட்டி அதிலிருந்து பூட் பண்ணு, பை 4 அதற்குப் போதும். வீட்டில் திரை உடைந்த லேப்டாப் கிடந்தால் அதுவே இன்னும் நல்லது, பேட்டரி உள்ளேயே யூபிஎஸ் மாதிரி இருக்கும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கழற்றிவிடு.

நாகர்கோவில் வாசகர்: கேமரா மாட்டியவர், வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறக்க வேண்டும், அதற்கு ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்க வேண்டும் என்கிறார். மாதச் செலவு. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, அதுதான் பத்திரமான வழியும். முதலில் ரவுட்டரின் உள்பக்கத்தில் வான் ஐபி (WAN IP) என்ற இடத்தைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், உங்கள் இணையக் கம்பெனி ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. அந்த நிலையில் நீங்கள் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் யாரும் உள்ளே வர முடியாது, நீங்களும்தான். டெய்ல்ஸ்கேல் என்ற நிரலை வீட்டு சர்வரிலும் உங்கள் போனிலும் போடுங்கள். வயர்கார்டு என்ற முறையில் இரண்டையும் நேராகப் பூட்டிய குழாய் போல இணைத்துவிடும். ஒரு குடும்பத்துக்கு அதன் இலவசத் திட்டமே போதும், போர்ட்டும் திறக்க வேண்டாம், ஸ்டாட்டிக் ஐபியும் வேண்டாம். கேமராப் பெட்டியை மட்டும் இணையத்தில் திறந்து விடாதீர்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர் என்ற கேமரா பதிவுப் பெட்டிகளையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்து, அமெரிக்காவின் பெரிய தளங்களையே அரை நாள் முடக்கியது. உங்கள் கேமரா ஆள் என்ன பாஸ்வேர்டு வைத்திருக்கிறார்? 'அட்மின்' என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகி: என் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது வீட்டில் சர்வர் என்று ஒன்றை வைத்துவிட்டுப் போனார். பிள்ளைகளின் படம் எல்லாம் அதில்தான். கரண்ட் போய் வந்தால் அது எழுந்திருப்பதில்லை. போன் செய்தால், "அந்த நீல விளக்கு எரியுதா, பக்கத்துல இருக்கிற கறுப்பு பெட்டியை ஆஃப் பண்ணு" என்று வீடியோ காலில் சொல்வார். எது எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியாது. அவர் வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது. பொங்கலுக்கு வரும்போது இன்னும் பெரியது வாங்கி வைக்கப்போகிறாராம். நான் என்ன கேட்க வேண்டும் என்று எழுதுங்கள் சார்.

பதில்: அம்மா, இந்தக் குவியலில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உங்களுடையது. உங்கள் கணவர் இந்தப் பத்திரிகையைப் படிப்பாரானால் இதை அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பெரியது வாங்குவதற்கு முன் நான்கு வேலை முடியட்டும். முதல் வேலைக்கு ஐந்து நிமிடம்தான். பெட்டியின் பயாஸில், கரண்ட் போய் வந்தால் தானே எழுந்திருக்கச் சொல்லும் ஒரு அமைப்பு இருக்கும். ஏசி பவர் ரெக்கவரி, ஆஃப்டர் பவர் ஃபெயிலியர் என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அதை 'ஆன்' என்று மாற்றிவிட்டால் உங்கள் தொல்லையில் பாதி போய்விடும்.

இரண்டாவது, சின்ன யூபிஎஸ். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் யூபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் உண்டு, அது இல்லாவிட்டால் மாறுகிற கண நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். முதலில் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ரவுட்டருக்கு 12 வோல்ட் சின்ன பேட்டரிப் பெட்டி தனியாகக் கிடைக்கிறது, சோப்பு டப்பா அளவு.

மூன்றாவது, ஒவ்வொரு பெட்டியிலும் பிளாஸ்டர் ஒட்டித் தமிழில் பெயர் எழுதட்டும். 1, 2, 3 என்று எண்ணும் போடட்டும். எல்லாம் அணைந்துவிட்டால் எழுப்புகிற வரிசை அதுதான்: சுவரிலிருந்து மெல்லிய ஃபைபர் ஒயர் வந்து சேருகிற பெட்டி முதலில், இரண்டு நிமிடம் கழித்து ரவுட்டர், அப்புறம் சுவிட்ச், கடைசியில் சர்வர். சர்வரை அணைக்க வேண்டியிருந்தால் பட்டனை ஒரு தடவை தொட்டு விடுங்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள். அதுவே ஒழுங்காக மூடிக்கொண்டு விளக்கை அணைக்கும். ஒயரைப் பிடுங்குவது அதற்கப்புறம்.

நான்காவதுதான் முக்கியம். ஒரு தாளில், கையால், படங்கள் எங்கே இருக்கின்றன, வெளி டிஸ்க் நகல் எங்கே இருக்கிறது, பாஸ்வேர்டு என்ன, அவர் போன் எடுக்காதபோது யாரைக் கூப்பிடலாம் என்று எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற உறையில் வைக்கட்டும். அவர் ஊரில் இருக்கும்போதே ஒரு நாள் மெயின் சுவிட்சை நீங்கள் அணையுங்கள். அவர் திண்ணையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அந்தத் தாளை மட்டும் பார்த்து நீங்கள் எல்லாவற்றையும் எழுப்பி, பிள்ளையின் முதல் பிறந்தநாள் படத்தைப் போனில் திறந்துவிட்டால், அவர் பெரிய பெட்டி வாங்கிக்கொள்ளலாம். திறக்க முடியவில்லை என்றால் தாளைத் திருத்தி மறுநாள் மறுபடியும்.

ஸ்ரீரங்கம் வாசகர்: எல்லோருக்கும் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டில் 2026-க்கு என்ன திட்டம்?

பதில்: பக்கத்துத் தெருக்காரர் போலிருக்கிறது, மறைக்க முடியாது. என்னிடம் இருப்பது 2017-இல் வந்த ஒரு மினி பிசி, இரண்டு டிஸ்க். வருடத்துக்கு ஒரு பழைய 40 பக்க நோட்டில் மாதம் போட்டு எழுதி வைப்பேன்.

தை மாதத்தில் யூபிஎஸ் பேட்டரி. போட்டு மூன்று வருடம் ஆகிறது, போன மாதம் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன், நான்கு நிமிடத்தில் கையை விரித்துவிட்டது. மாசியில் டிஸ்க் ஒன்று. அதன் கணக்கு 43,000 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது, ஏறக்குறைய ஐந்து வருட இடைவிடாத ஓட்டம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர் (டிஸ்க்கின் சின்னக் கட்டம்) எட்டு காட்டுகிறது. பூஜ்ஜியமாக இருக்க வேண்டிய எண் அது. பங்குனிக்குள் திறந்து தூசி தட்டி மின்விசிறி மாற்றுவேன், சித்திரை வெயிலில் எங்கள் மாடி அறையில் டிஸ்க் 50 டிகிரியைத் தொடும்.

வைகாசியில், சர்வரில் ஓடுகிற டெபியன் என்ற லினக்ஸை 12-இலிருந்து 13-க்கு மாற்றுவேன். பன்னிரண்டின் வழக்கமான ஆதரவு 2026 ஜூனோடு முடிகிறது, நீண்ட கால ஆதரவு என்று 2028 வரை இழுக்கலாம்தான். ஆனால் 13 வந்தது 2025 ஆகஸ்டில், இடைப்பட்ட மாதங்களில் மற்றவர்கள் விழுந்து எழுந்துவிட்டார்கள், நாம் போகலாம். நகல் எடுத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

புரட்டாசிக்குள் மொட்டைமாடிக் கேமரா. போன ஐப்பசி இடியில் மின்னல் அந்தக் கேபிள் வழியாக இறங்கி, கேமராவையும் சுவிட்சின் இரண்டு போர்ட்டையும் கொண்டுபோய்விட்டது. நல்ல வேளை, சர்வர் வேறு போர்ட்டில் இருந்தது. வெளியே நீளமாகப் போகிற செம்புக் கம்பி மின்னலுக்குப் போட்ட ஏணி. இந்த முறை மாடிக்கும் கீழுக்கும் நடுவில் இரும்புக் கம்பி இல்லாத ஃபைபர் ஒரு துண்டு, இரண்டு பக்கமும் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு சேர்க்கும் மீடியா கன்வெர்ட்டர். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. மேலே கேமரா போனாலும் கீழே வராது.

மினி பிசியை மாற்றவில்லை. அது எட்டு வருடமாகக் குறை சொல்லாமல் ஓடுகிறது. என் மனைவிக்கு அதன் பெயர் தெரியாது, "அந்த டப்பா" என்பாள், கேரளாவில் இருக்கும் பேத்தியின் படம் காலையில் வந்துவிட்டால் அவளுக்குப் போதும்.

நோட்டின் கடைசி வரியில் 10 ஜிகாபிட் சுவிட்ச் என்றும் எழுதியிருக்கிறேன். 2023 நோட்டிலும் அதே வரிதான் கடைசி, 2024-லும்.